கண்டிக்கோட்டைப் பள்ளத்தில் இறங்கிய கதை

அல்சூர்க்காரன்:
போன ஏப்ரலில் நானும் மச்சானும் பெங்களூரிலிருந்து ஆந்திராவில் இருக்கும் கண்டிக்கோட்டைக்கு பைக்கில் போனோம், சுமார் 280 கிலோமீட்டர். மறுநாள் காலையிலேயே மாதவராயர் கோயில், மசூதி எல்லாம் பார்த்தாயிற்று. அதோடு திரும்பியிருக்கலாம். மேலே நின்று பார்த்தால் பள்ளத்தில் ஓடும் பென்னாறு இதோ இருக்கிறது என்பதுபோல் தெரியும். "காலை நனைச்சிட்டு வந்திடலாம் மாமா" என்றான்.

இறங்கியது பத்தரை மணிக்கு. இறங்குவது சுகம், ஏறும்போதுதான் வினை. பாறையில் கை வைத்தால் தோசைக்கல். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதுவும் இறங்கும்போதே முக்கால்வாசி காலி. ஆற்றுத் தண்ணீரைப் பிடிக்க மனம் வரவில்லை. பாதி ஏற்றத்தில் தலைவலி என்று உட்கார்ந்துவிட்டான். கையைத் தொட்டால், அந்த வெயிலில் புல்லரித்துக் கிடக்கிறது! எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. போனில் சிக்னலும் இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார். "கூர்ச்சோ, கூர்ச்சோ" என்று நிழலில் உட்கார வைத்தார். துண்டை நனைத்து அவன் கழுத்தில் போட்டு, தன் தூக்கில் இருந்த உப்பு மோரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். நாலு மணிக்கு மேல்தான் எங்களை ஏற விட்டார். காசு வாங்கவில்லை. பீடி இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் அதுகூட இல்லை.

ஒயிட்ஃபீல்டு அக்கா:
தம்பி, மோரில் இருந்த உப்புதான் விஷயம். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அதுவும் ஆபத்து. நான் ஓஆர்எஸ் பொட்டலமும் மாவடுவும் இல்லாமல் கிளம்புவதில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்காதே என்கிறார்கள். இறங்கியதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு என்பது அவர்கள் கணக்கு.

ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போயிருந்தபோது அரிசோனாவில் ஆன்டலோப் கேன்யன் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கும் பார்த்தேன். சில இடங்களில் ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம்தான். மேலே பளிச்சென்று நீல வானம். கூட வந்த நவஹோ பழங்குடி வழிகாட்டி, தலைக்கு மேல் இடுக்கில் செருகிக் கிடந்த ஒரு மரக்கட்டையைக் காட்டினார். வெள்ளம் கொண்டுவந்து வைத்ததாம். 1997 ஆகஸ்டில் அங்கே திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்துபோனார்கள். மழை கொட்டியது பல மைல் தள்ளி. அதிலிருந்து நான் வானிலை பார்ப்பது போகிற இடத்துக்கு மட்டும் இல்லை, தண்ணீர் வருகிற திசைக்கும் சேர்த்துத்தான்.

அல்சூர்க்காரன்:
சரி அக்கா, மாவடுவைக் குறித்துக்கொண்டேன். டிசம்பரில் மறுபடி போகிறோம், விடியற்காலையிலேயே இறங்குவதாகத் திட்டம். ஆளுக்கு நாலு லிட்டர். பெரியவருக்கு ஒரு கட்டு பீடியும் வாங்கியாயிற்று.