சாட்சி சொல்லும் அம்மாவுக்குக் கோர்ட்டில் பாதுகாப்பு வேண்டும்

நாங்கள் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம். ஓர் அடிதடி வழக்கில் அம்மா (வயது 67) நேரில் பார்த்த சாட்சி. போன வாய்தா அன்று கோர்ட் வராந்தாவிலேயே நாலு பேர் சுற்றி நின்று, "கூண்டில ஏறினா வீடு போய்ச் சேரமாட்டே" என்று மிரட்டினார்கள். அடுத்த வாய்தாவுக்கு 12 நாள்தான் இருக்கிறது.

வாசலில் பாதுகாப்புக்கு நின்ற ஆயுதப்படைக் காவலரிடம் அப்போதே சொன்னேன். வாசலை விட்டு நகர முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அத்தனை கூட்டத்துக்கும் இரண்டே பேர். அப்புறம் ஸ்டேஷனிலிருந்து வரும் கோர்ட் போலீஸ்காரரைப் பிடித்தேன். சம்மனும் வழக்குக் கட்டும்தான் அவர் பொறுப்பாம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகாருக்கு ரசீது கூடத் தரவில்லை.

2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைப் படித்தேன். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம், மிரட்டல் பற்றிய போலீஸ் அறிக்கை 5 வேலை நாளில் வர வேண்டும் என்று இருக்கிறது. அம்மா பயந்துதான் இருக்கிறார், ஆனாலும் சாட்சி சொல்லாமல் இருக்கமாட்டேன் என்கிறார்.

ஒரு காவலர் அம்மாவோடு கூண்டு வரை வர உத்தரவு வாங்க, நாகர்கோவிலில் இந்த மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும்?