மொதேனா நகரசபை செய்ததை நம்ம திருப்பூரில் யார் செய்தார்கள்?

பல்லடத்துக்காரி:

வணக்கம்ங்க. கோவையில் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் வருஷம். உள்ளாட்சிக்கும் தொழில் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்ற அளவில்தான் தலைப்பு நிற்கிறது.

மூன்று மாதமாக செபஸ்தியானோ புருஸ்கோ எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இத்தாலியில் மொதேனா பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2002ல் இறந்துவிட்டார். மொதேனா இருக்கிற எமிலியா பகுதி பற்றி 1982ல் அவர் எழுதிய கட்டுரைதான் பலருக்கும் தெரிந்தது. ஒருத்தர் பின்ன, இன்னொருத்தர் வெட்ட, வேறொருத்தர் தைக்க, சின்னச் சின்னப் பட்டறைகளாகவே இருந்துகொண்டு ஒரு பகுதி எப்படி வசதியான பகுதியாக ஆனது என்பதுதான் அதில் விஷயம். அங்கே கார்ப்பி என்று ஒரு பின்னலாடை ஊர் இருக்கிறது. அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்க அப்பாவின் ஜாப் ஒர்க் செட்டுதான் (கம்பெனிகள் கொடுக்கிற வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கிற பட்டறை) கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. மொதேனா நகரசபை 1953லேயே ஊருக்கு வெளியே விவசாய நிலத்தை வாங்கி, ஆலைகளில் வேலை போன தொழிலாளிகள் சொந்தமாகப் பட்டறை போடுவதற்கு மலிவாக மனை பிரித்துக் கொடுத்திருக்கிறது. கார்ப்பியில் 1980ல் பின்னலாடைக்காரர்களுக்கென்றே ஒரு தகவல் மையம் வந்திருக்கிறது. அடுத்த சீசனுக்கு எந்த நிறம், எந்த மாதிரி என்று ஒரு சின்ன முதலாளி தனியாகக் காசு போட்டு வாங்க முடியாத விவரத்தை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கிற இடம். கையில் மானியமாகக் கொடுப்பதைவிட இப்படி வேலைக்கு ஆகிற சேவையைக் கொடுப்பதுதான் மேல் என்பது புருஸ்கோவின் வாதம்.

திருப்பூரில் இந்த மாதிரி எதையாவது நகராட்சியோ ஊராட்சியோ செய்ததா? "ஒன்றும் கிடையாது, தலைப்பை மாற்று" என்கிறார் என் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. தொழிலில் இருப்பவர்கள், உள்ளாட்சியில் இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நிட்டிங்_செட்டு:

அம்மணி, நான் 1994ல் நாலு பழைய மெஷினோடு ஆரம்பித்தவன். உங்க வழிகாட்டி சொல்வதில் பாதி சரி. மனை எங்க தோட்டத்தில் ஒரு ஓரம், போட்ட பணம் மச்சான் கொடுத்ததும் சீட்டு எடுத்ததும், நிறமும் மாதிரியும் பையரோட ஏஜென்ட் வந்து சொல்வார், மெஷின் ரிப்பேர் கற்றுக்கொண்டது பக்கத்துச் செட்டுக்காரரிடம். இதில் எதிலும் உள்ளாட்சி ஆபீஸுக்கு வேலையே இல்லை. லைசென்ஸுக்கும் வரிக்கும் மட்டும்தான் அந்தப் படியேறியிருக்கிறேன்.

தண்ணீர் லாரியைச் சொல்லாமல் திருப்பூரைப் பற்றி எழுதவே கூடாது. அவிநாசிப் பக்கம், பல்லடம் பக்கம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரவு பகலாக லாரி ஓடும். விவசாயி தண்ணீரை விற்றார், சாயப்பட்டறைக்காரர் வாங்கினார். நடுவில் ஒரு ஊராட்சியும் இத்தனை லாரிதான் எடுக்கலாம் என்று கேட்டு நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. எங்க செட்டு இருக்கிற தெருவில் ரொம்ப வருஷம் இந்தப் பக்கம் ஒரு உள்ளாட்சி, எதிர்ப்பக்கம் வேறொரு உள்ளாட்சி. சாக்கடை ஒரு இடத்தில் வந்து அப்படியே நின்றுவிடும், அதற்கு மேல் அவர்கள் எல்லை. மழை பெய்தால் நூல் மூட்டையைத் தலையில் வைத்துத்தான் உள்ளே கொண்டு போவோம். கம்பெனிகளுக்கு எல்லை கிடையாது, ஆபீஸுக்கு இருந்தது. பக்கத்து நகராட்சிகளான நல்லூரும் 15 வேலம்பாளையமும் 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன, அதற்குள் ஊர் கட்டி முடிந்துவிட்டது.

முன்னாள்_வார்டு_உறுப்பினர்:

மேலே அண்ணன் சொன்னது எனக்கு வலிக்கிறது, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவிநாசி வட்டாரத்தில் ஒரு ஊராட்சியில் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருஷம் இருந்தேன். ஊராட்சி ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்கிறவர்கள் முதலில் ஊராட்சியின் கைக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்க எல்லைக்குள் ஒரு பெரிய பனியன் கம்பெனி வந்தது என்று வையுங்கள். ஏற்றுமதி வருமானத்துக்கான வரி மத்திய அரசுக்கு, ஜிஎஸ்டி மாநிலத்துக்கும் மத்திக்கும். ஊராட்சிக்கு வருவது கட்டடத்துக்கான வரி, லைசென்ஸ் கட்டணம், அப்புறம் தொழில் வரி. அந்தத் தொழில் வரிக்கு ஒருத்தருக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு, அரசியலமைப்பிலேயே இருக்கிறது, 1988ல் வைத்தது. அன்றைக்கு 2,500 எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு? கம்பெனியின் வியாபாரம் பத்து மடங்கு ஆனாலும் எங்க வரவில் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஆனால் குப்பை ஏறும், தெருவிளக்கு, குடிநீர், கக்கூஸ் எல்லாம் ஏறும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கிற பிள்ளைகளும் எங்க குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும், அவர்கள் இல்லாமல் ஊர் ஓடாது. ஆனால் நாங்கள் பதவியில் இருந்த வரைக்கும் கையில் இருந்த மக்கள்தொகைக் கணக்கு 2011ல் எடுத்தது. அதற்குப் பிறகு வந்த யாரும் அதில் இல்லை.

அதிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 29 துறைகளைப் பட்டியல் போட்டது, சிறுதொழிலும் அதில் ஒன்று. எங்க மன்றத்தில் ஐந்து வருஷத்தில் தொழில் பற்றி ஒரு பொருள்கூட விவாதத்துக்கு வரவில்லை, போர்வெல் மோட்டாரும் தெருவிளக்கும்தான். 2016லிருந்து 2019 வரைக்கும் தேர்ந்தெடுத்த ஆளே கிடையாது, தனி அலுவலர்தான். எங்க காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். ஒரு தகவல் மையமோ தொழிற்பேட்டையோ யோசிக்கிற அளவுக்கு ஒரு மன்றம் தொடர்ந்து இருக்க விட்டால்தானே.

ஆனால் முடியவே முடியாது என்று எழுதிவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சுமார் 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அப்போது தலைவராக இருந்த சண்முகம் பத்து வருஷம் தொடர்ந்து பதவியில் இருந்தவர், அந்தப் பத்து வருஷத்தைக் கவனியுங்கள்.

நொய்யல்_கரை:

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். புருஸ்கோவின் 1982 கட்டுரையோடு நின்றுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. 1990ல் அவரே ஒரு திருத்தம் சொல்கிறார். தொழில் வட்டாரங்களை, அதாவது ஒரே தொழிலில் சின்னக் கம்பெனிகள் கூட்டமாக இருக்கிற பகுதிகளை, இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்: முதல் கட்டம் அரசுத் தலையீடு இல்லாமல் தானாகவே வளர்வது, இரண்டாம் கட்டத்தில் தொழில்நுட்பம் மாறும்போது வட்டாரத்துக்கு வெளியிலிருந்து அறிவு வரவேண்டியிருக்கிறது, உள்ளூர் அரசாங்கம் கைகொடுக்காவிட்டால் தேங்கிவிடும். அப்படிப் பார்த்தால் நிட்டிங் செட்டு அண்ணன் சொன்னது அச்சு அசலான முதல் கட்டம். அதனால் "ஒன்றும் கிடையாது" என்பதோடு விஷயம் முடியவில்லை. இரண்டாம் கட்டம் வந்தபோது யார் கைகொடுத்தார்கள் என்று தேட வேண்டும்.

வந்தது தண்ணீர் வழியாக. 1990ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாகிறது. 1995ல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம், அரசும் தனியாரும் சேர்ந்தது. பவானிப் பக்கம் காவிரியில் எடுத்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவந்து 2005ல் தண்ணீர் வருகிறது, ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் திட்டம். சாயப்பட்டறை அதிக விலை கொடுக்கும், அதனால் ஊர்க்காரருக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் என்பது கணக்கு. முயற்சி எடுத்தது சங்கமும் மாநில நிறுவனமும். நகராட்சி தண்ணீர் வாங்குகிற இடத்தில் இருந்தது.

கழிவுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்காகக் கட்டியது. சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த தென்னையும் கிணறும் பாழானது. நான் அந்தக் கரையில் பிறந்தவன், அணைக்குக் கீழே எங்க ஊரில் இன்னமும் மழைத் தண்ணீரை நம்பித்தான் வெள்ளாமை. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் மெதுவாகத் திறந்தார்கள். பட்டறைகள் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த ஆரம்பித்ததும் காவிரித் தண்ணீர் வாங்குவது குறைந்தது, அதில் நின்றுகொண்டிருந்த பழைய விலைக் கணக்கும் ஆட்டம் கண்டது. ஆக, இரண்டாம் கட்டத்தில் நகரசபையின் இடத்தில் ஒரு சங்கம், ஒரு கம்பெனி, ஒரு நீதிமன்றம். உங்கள் ஆய்வு இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டு பழைய ஆய்வுகளையும் பார்த்துவிடுங்கள். திருப்பூர் இத்தாலி மாதிரியான வட்டாரமா என்ற கேள்வியை பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் 1994லேயே எடுத்தார்கள். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004ல் முதலீட்டைப் பற்றி எழுதினார்கள். உள்ளூர்ச் சமூகத்தாருக்கு ஆரம்பத்திலேயே முதலீடு அதிகம், ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களின் கம்பெனிதான் வேகமாக வளர்ந்தது என்று காட்டினார்கள். மச்சான் கொடுத்த பணம் என்று அண்ணன் சொன்னாரே, அது எல்லாருக்கும் கிடைத்ததா என்று நீங்கள் கேட்டாக வேண்டும். மொதேனாவில் மனை வாங்க மச்சான் தேவைப்படவில்லை.

நிட்டிங்_செட்டு:

இது நியாயமான கேள்விதான் சார். எங்க செட்டில் மாஸ்டராக இருந்த மதுரைக்காரர் ஒருத்தர், என்னைவிட நாலு மடங்கு வேலை தெரிந்தவர், சொந்தமாக மெஷின் போட அவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. எனக்கு எட்டு மாசம்.

பல்லடத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. 1990 கட்டுரையை இன்றைக்கே தேடி எடுக்கிறேன். அந்த எல்லைத் தெருவை என்னால் மறக்க முடியவில்லை. இணைப்புக்கு முந்தைய பத்து வருஷத்துக்கு இரண்டு பக்கத்து மன்றத் தீர்மானப் புத்தகங்களையும் சொத்து வரிப் பதிவேட்டையும் எடுத்து, அதே தெருக் கம்பெனிகளின் வளர்ச்சியோடு வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இணைந்துபோன நகராட்சிகளின் பழைய தீர்மானப் புத்தகங்கள் இப்போது எந்த அறையில் இருக்கும், யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று வார்டு உறுப்பினர் அண்ணன் விசாரித்துச் சொல்ல முடியுமா? நிட்டிங் செட்டு அண்ணா, அந்த மதுரைக்காரர் பேசச் சம்மதிப்பார் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வருகிறேன்.

நிட்டிங்_செட்டு:

வாங்க அம்மணி. தீபாவளி ஆர்டர் முடியட்டும், அவரையும் இருக்கச் சொல்கிறேன்.