மறு: எஞ்சின் மவுண்ட் – திண்டு, மணை என்று இரண்டு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

> பொறித்தாங்கி என்றே வைத்துவிடலாம். எளிது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் எஞ்சின் மவுண்டுக்கு இந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தாங்கி ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பேரிங் என்றால் தாங்கி. எஞ்சினுக்குள்ளேயே முதன்மைத் தாங்கி, பந்துத் தாங்கி என்று பல உண்டு. இலங்கையிலோ தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி, எண்ணெய்த் தாங்கி. "பழைய பொறித்தாங்கியைக் கழற்றவும்" என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் பெட்ரோல் டேங்க்கைத் தேடுவார், மதுரை வாசகர் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைப் பிரிப்பார்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் கையேடு, ஸ்மால் பிளாக் எஞ்சின் இருந்த 1972 ஷெவர்லே சி10 டிரக்கில், அதைவிடப் பெரிய வார்ப்பான 454 கன அங்குல பிக் பிளாக் எஞ்சினை ஏற்றுவதைப் பற்றியது. அந்த வேலையில் எஞ்சின் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. கிராங்க் ஒரு பக்கம் சுழல, அதன் எதிர்விசை எஞ்சினை மறுபக்கம் புரட்டப் பார்க்கிறது. அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் உட்காரும் இடப்பக்கம் எஞ்சின் மேலே எழும், வலப்பக்கம் கீழே அழுந்தும். ஆக, வலப்பக்க மவுண்ட் தாங்குகிறது. இடப்பக்க மவுண்ட் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் எஞ்சினை எழவிடாமல் பிடித்து இழுக்கிறது.

அந்த இழுப்பு எவ்வளவு? 1970-இல் ஷெவெல் காரில் வந்த எல்எஸ்6 வகை 454-க்கு ஷெவர்லே கொடுத்த முறுக்குவிசை 500 பவுண்டு-அடி, ஏறத்தாழ 678 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்த்து போல்ட் போட்டது என்பதால் மவுண்டுகளுக்கு வருவது கியரில் பெருகிய விசை. டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 2.48. பெருக்கினால் 1,680 நியூட்டன் மீட்டர் வருகிறது. கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்டர், வண்டி புறப்படும்போது கூட்டுவது இதற்கு மேல். டிரக்கில் வந்த 454-கள் இவ்வளவு முறுக்கேறியவை அல்ல என்றாலும் கணக்கின் போக்கு இதுதான்.

அந்தப் பிடி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் பிற்பாதியில் விற்ற சுமார் 67 லட்சம் ஷெவர்லே வாகனங்களை மவுண்டுக்காகவே திரும்ப அழைத்தது. ரப்பர் தகட்டைவிட்டு உரிந்து, இடப்பக்கம் எஞ்சின் எழுந்து, ஆக்சிலேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிடும். வண்டி தானாக வேகமெடுக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாயும் சில வண்டிகளில் பிடுங்கிக்கொள்ளும். அதற்குச் செய்த பரிகாரம், எஞ்சின் எழாதபடி ஒரு கம்பிவடத்தால் கட்டிவைத்தது. தாங்கும் வேலையில் அந்த மவுண்டுகள் தோற்கவில்லை, எஞ்சின் கீழே விழவில்லை. தோற்றது பிடிக்கும் வேலையில். அதனால்தான் தாங்கி என்ற சொல் இங்கே பாதி வேலையைத்தான் சொல்கிறது என்கிறேன்.

இனி என் முன்மொழிவு. ஆங்கிலத்தில் மவுண்ட் என்று ஒரே வாயில் சொல்வது இரண்டு பொருள்களை. எஞ்சினின் வார்ப்புடலான பிளாக்கின் விலாவில் மூன்று போல்ட்டால் மாட்டுகிற, இரண்டு தகட்டுக்கு நடுவே ரப்பரை ஒட்ட வார்த்த துண்டு ஒன்று. சேசிஸ் சட்டத்தில் நின்றுகொண்டு அந்தத் துண்டை வாங்கிக்கொள்கிற இரும்பு ஸ்டாண்ட் மற்றொன்று. இரண்டையும் ஒரு நீள போல்ட் குறுக்கே ஊடுருவி இணைக்கிறது. முதலாவதைத் திண்டு என்றும், இரண்டாவதை மணை என்றும் சொல்வோம். சாயத் திண்டு, உட்கார மணை. பானை உருளாமல் இருக்க வைக்கும் பிரிமணையிலும் இந்த மணைதான் இருக்கிறது.

இரண்டு சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அழகுக்காக இல்லை. ஷெவர்லே ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் பிளாக் விலாவில் இருக்கும் அந்த மூன்று போல்ட் துளைகள் ஒரே அமைப்பு. கியர்பாக்ஸ் முகப்பும் ஒன்றே. இதைக் கேட்டதும் "அப்படியானால் மவுண்ட் மாற்ற வேண்டியதில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் திண்டிலேயே குட்டையும் அகலமுமாக ஒன்று, நெட்டையும் ஒடுக்கமுமாக ஒன்று என்று இரு வகை உண்டு. அதற்கேற்ற மணையும் தனித்தனி. நெட்டைத் திண்டை அதற்கான மணையில் வைத்தால் எஞ்சின் சரியான உயரத்தில் நிற்கும். கலந்துவிட்டால் ஒன்று போல்ட் நுழையாது, அல்லது இடித்துத் தள்ளி நுழைத்த பிறகு உயரம் தப்பும். எஞ்சின் உயர்ந்தால் ஃபேன் இறக்கை உறையை உரசும், புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். தாழ்ந்தால் ஆயில் சம்ப் குறுக்குச்சட்டத்தில் இடிக்கும். கடையில் "454-க்கு மவுண்ட் கொடுங்கள்" என்று கேட்பவருக்குத் திண்டு மட்டும் கிடைக்கும், மணை அவர் நினைவிலேயே இருக்காது. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த டிரக் என்றால் மணையே வேறு.

இன்னும் பழைய வண்டிகளில் இது மேலும் தெளிவாகத் தெரியும். 1950-களின் ஷெவர்லே டிரக்குகளில் எஞ்சினை முன்முகத்திலும் பின்னால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்து உறையான பெல் ஹவுசிங்கிலும் பிடித்திருப்பார்கள். சட்டத்தின் பக்கவாட்டில் மணை என்ற ஒன்றே கிடையாது. அங்கே பிக் பிளாக் ஏற்றுபவர் திண்டை வாங்கலாம், மணையை வெல்டு வைத்து உண்டாக்க வேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை நான் எழுதவே முடியாது.

பிக் பிளாக் என்பதைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய எஞ்சின் என்று பெயர்த்தால் தவறாகும். 396 கன அங்குல எஞ்சின் பிக் பிளாக், 400 கன அங்குலத்திலோ ஸ்மால் பிளாக் உண்டு. சிலிண்டர் மையங்களுக்கு நடுவேயான தூரம் ஒன்றில் 4.84 அங்குலம், மற்றதில் 4.4. வார்ப்பின் அளவைக் குறிக்கும் குடும்பப் பெயர் அது, அப்படியே இருக்கட்டும்.

———

> சாயத் திண்டு, உட்கார மணை.

தம்பி, வணக்கம். மணை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பட்டறையில் நாற்பது வருடமாக மவுண்டிங் என்கிறோம், பழைய ஆட்கள் பவுண்டேஷன் ரப்பர் என்பார்கள். யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, பந்தய வண்டிகளுக்கு ரப்பரே இல்லாமல் முழு இரும்பில் போடுகிறார்களே, அதையும் திண்டு என்பீர்களா? திண்டு என்றாலே மெத்தென்று இருக்க வேண்டாமா?

———

ஐயா, பட்டறைப் பேச்சை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அங்கே கையால் தொட்டுக் காட்டி "இந்த மவுண்டிங்" என்றால் வேலை முடிந்தது. எழுத்தில் அந்த வசதி இல்லை, அதற்காகத்தான் கேட்கிறேன். கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் "மவுண்டிங் ரப்பர் எனப்படும் திண்டு" என்று எழுதிவிடுகிறேன்.

இரும்பு பற்றிய உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் கிணற்றைச் சுற்றிக் கட்டியிருப்பதும் திண்டுதானே? பாலத்துத் திண்டில் உட்கார்ந்து பேசியதில்லையா? அது செங்கல்லும் சுண்ணாம்பும். மெத்தென்று இருப்பது திண்டின் ஒரு பொருள், மேடாக நின்று முட்டுக்கொடுப்பது மற்றொன்று. ஆகவே ரப்பர்த் திண்டு, ரப்பரைவிடக் கடினமான யூரித்தேன் திண்டு, இரும்புத் திண்டு மூன்றும் செல்லும்.

தெருவில் ஓட்டும் டிரக்குக்கு இரும்புத் திண்டு போடவே கூடாது என்று கையேட்டில் எழுதப் போகிறேன். எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் கேபினுக்குள் வரும். சட்டம் முறுகும்போது அந்த முறுக்கை வார்ப்பிரும்புப் பிளாக் வாங்கும். யூரித்தேன் நடுவில் நிற்கிறது. அசைவு குறையும், ஆயில் பட்டு ஊறாது, அதிர்வு கூடும். எனக்குக் கேட்டால் புது ரப்பர், அதிலும் உள்ளே இரும்புக் கொக்கிகள் ஒன்றையொன்று கோத்திருக்கும் வகை. ரப்பர் கிழிந்தாலும் எஞ்சின் சிறிது எழுந்து கொக்கியில் மாட்டி நின்றுவிடும். மேலே சொன்ன 1971 விவகாரத்துக்கு இதுதான் சரியான விடை. இதற்குக் கொக்கித்திண்டு என்று பெயர் வைக்கலாமா?

நண்பரின் வண்டியில் பழைய இடப்பக்கத் திண்டைப் பார்த்தேன். எஞ்சின் அதன்மேல் உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. ஜாக்கால் எஞ்சினை ஒரு விரல்கடை தூக்கியதும் ரப்பர் தகட்டோடு வரவில்லை, நடுவே வெளிச்சம் தெரிந்தது. உரிந்த முகம் முழுக்க ஆயில் ஏறிக் கறுத்துப் பிசுபிசுத்தது, அதாவது வெகுநாளாகவே பிரிந்திருக்கிறது. எடை அழுத்தி வைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை. சோதிக்க வேண்டுமானால் தூக்கித்தான் பார்க்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுவேன்.

———

தம்பி, கிணற்றுத் திண்டு என்றதும் ஒப்புக்கொண்டேன். கொக்கித்திண்டும் நன்றாக இருக்கிறது, பூட்டுத்திண்டு என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பூட்டு என்றால் எப்போதும் இறுகியிருக்கும், இது கிழிந்த பிறகுதான் மாட்டுகிறது. கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் மூன்றாவது மவுண்டிங்குக்கு என்ன சொல்கிறீர்கள்? அதை மறந்துவிட்டீர்களே.

———

ஐயா, அதற்கு வால்திண்டு என்று எழுதிப் பார்த்தேன். எஞ்சினின் வால் பக்கம், கியர்பாக்ஸின் கடைசியில் இருக்கிறது என்பதால். அதற்குத் தனிப் பெயர் அவசியம், ஏனென்றால் முன்னால் ரப்பர்த் திண்டு போட்டுப் பின்னால் மட்டும் இரும்பு வைத்தால் எஞ்சின் புரளும் விசை முழுவதும் கியர்பாக்ஸின் வால் உறைக்குப் போகும். அது அலுமினிய வார்ப்பு, வெடித்துவிடும். "முன்திண்டு ரப்பர் என்றால் வால்திண்டும் ரப்பர்" என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. டர்போ 350-இலிருந்து நீளமான டர்போ 400-க்குப் போகும்போது வால்திண்டு பின்னுக்குத் தள்ளிப்போகும், அதைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தையும் நகர்த்த வேண்டும். அந்தச் சட்டத்தை வால்மணை என்பதா, குறுக்குச்சட்டம் என்றே விடுவதா என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. முன்னால் இருக்கும் மணை சின்ன ஸ்டாண்ட், இதுவோ சேசிஸின் இரு பக்கத்தையும் இணைக்கும் நீளச் சட்டம். வண்டியில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள், அதன்படி சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.