மேரி ரிச்மண்டா, ஜேன் ஆடம்ஸா? சமூகப் பணிக்கு அடித்தளம் போட்டது யார்?

கோப்புக்காரி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முதல் வருட மாணவர்களைக் கேட்டால் எல்லாரும் ஜேன் ஆடம்ஸ் பெயரைத்தான் சொல்கிறார்கள். நோபல் வாங்கியவர், சரி. ஆனால் இதை ஒரு தொழிலாக ஆக்கியவர் மேரி ரிச்மண்ட். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஏழைகளுக்கான உதவிகளை ஒருங்கிணைத்த தர்ம ஒருங்கிணைப்புச் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தவர். நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897-இல் பேசினார். அடுத்த வருடமே நியூயார்க்கில் கோடைப் பயிற்சி தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் களப்பணியில் எழுதும் கேஸ் ரெக்கார்டு, அதாவது உதவி தேடி வருபவரைப் பற்றிய கோப்பு, அந்த வழியில் வந்ததுதான். ஆடம்ஸ் பெரிய மனுஷி, மறுக்கவில்லை. தொழிலுக்கு அவர் விட்டுப்போன முறை என்ன?

தெருவிளக்கு:
மேடம், அந்தச் சங்கங்கள் எதற்கு வந்தன என்பதையும் சொல்லுங்கள். 1869-இல் லண்டனில் தொடங்கிய சங்கத்தின் பெரிய கவலையே, ஒரே ஏழை இரண்டு இடத்தில் வாங்கிவிடுகிறானோ என்பதுதான். ஒரு விதவை அடுப்புக்கு நிலக்கரி கேட்டால் வசதியான வீட்டு அம்மா ஒருவர் வந்து உட்காருவார். குடிப்பழக்கம் உண்டா, சொந்தக்காரர்கள் உதவமாட்டார்களா, வாடகை பாக்கியா என்று துருவித் துருவிக் கேட்பார். தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை என்று சலித்தெடுக்கும் வேலை.

ஆடம்ஸ் 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கி, ஏழைகள் நடுவில் குடியே போனார். தெருவெல்லாம் குப்பை, குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1895-இல் அந்த 19-ஆவது வார்டின் குப்பை ஆய்வாளர் பதவியை ஏற்று, காலை ஆறு மணிக்கே வண்டிகளின் பின்னால் கிளம்பினார். ஒரு சந்தில் 18 அங்குலம் எடுத்த பிறகு கீழே தளம் போட்ட தெரு தெரிந்தது! அங்கே குடியிருந்த இத்தாலியர்கள் பெரிதாக வியக்கவில்லையாம். புதைந்த நகரங்களைத் தோண்டிப் பார்த்துப் பழகியவர்கள் போலும் என்று ஆடம்ஸே கிண்டலாக எழுதியிருக்கிறார். வீடு வீடாகப் போய் 'ஏன் சுத்தமாக இல்லை' என்று குறிப்பெடுத்திருந்தால் அந்தத் தளம் வெளியே வந்திருக்குமா?

கோப்புக்காரி:
குப்பை அள்ளியது பெருமைதான் சார். ஆனால் ஹல் ஹவுஸ்காரர்கள் போராடி 1893-இல் கொண்டுவந்த பெண்களுக்கான எட்டு மணி நேர வேலைச் சட்டம் என்ன ஆயிற்று? இரண்டே வருடத்தில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இயக்கம் அலை மாதிரி, வரும் போகும். முறை தங்கும். 1915-இல் கல்வியாளர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் பால்டிமோர் மாநாட்டில், சமூகப் பணி இன்னும் முழுத் தொழில் ஆகவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1917-இல் ரிச்மண்டின் பெரிய நூல் வந்தது. அதில் இருப்பது ஒழுக்க உபதேசம் இல்லை. சொன்னவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டதா, சொல்வதில் அவருக்கு லாபம் உண்டா என்று சாட்சியத்தை எடைபோடும் முறை.

பழைய வெல்ஃபேர்:
நான் மில்லில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் அமெரிக்காவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்களே! இங்கே விதை போட்டது கிளிஃபோர்ட் மான்ஷார்ட். சிகாகோவில் படித்த மிஷனரி. பம்பாய் நாக்பாடாவில் ஹல் ஹவுஸ் பாணியில் ஓர் இல்லம் நடத்தினார். 1936-இல் சமூகப் பணிக்கான டாடா பள்ளி தொடங்கியபோது முதல் இயக்குநர் அவரே. ஆக, தம்பி தெருவிளக்கு பக்கம் ஒரு மார்க். ஆனால் அப்புறம் என்ன நடந்தது? 1948 தொழிற்சாலைச் சட்டம், 49-ஆவது பிரிவு, 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் கட்டாயம் என்றது. எங்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது அதில்தான். சம்பளம் கொடுப்பது முதலாளி, பேச வேண்டியது தொழிலாளிக்காக. கேண்டீன் சாம்பார் புகார் வரை தைரியமாகப் பேசுவோம், அதற்கு மேல் போனால் தொண்டை கட்டிக்கொள்ளும். எங்களை அந்த வேலைக்குத் தயார்செய்த படிப்புதான் பல கல்லூரிகளில் ஹெச்.ஆர். ஆகிவிட்டது.

தெருவிளக்கு:
ஐயா சொல்வது எனக்குத்தான் சாதகம். கருவியை மட்டும் கற்றுக்கொடுத்தால் சம்பளம் தருபவர் கைக்கு அது போய்விடும். இன்னொன்று, 1911-இல் இல்லினாய் மாநிலம் ஆதரவற்ற தாய்மார்களுக்கு அரசுப் பணம் தரும் சட்டம் போட்டது. அப்படிப்பட்ட உதவித்தொகையை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் உங்கள் ரிச்மண்ட். ஹல் ஹவுஸ் வாசலை மிதித்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸோ அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலராகி, 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் நின்றார்.

கோப்புக்காரி:
எதிர்த்தார், உண்மை. அந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று சிகாகோவில் வீடு தேடிப் போய் விசாரித்தது யார்? கோப்போடு போன அலுவலர்கள்தான். 1935 சட்டத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் முதியோர் காப்பீட்டுக்கு வெளியே நின்றார்கள். தெற்கே கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்தது அந்த வேலைகளைத்தான். பெரிய சட்டமும் சலித்தெடுக்கிறது சார்.

தெருவிளக்கு:
அந்தக் கோப்பு எங்கே போய் நின்றது பாருங்கள். 1960-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 'வீடு தகுதியானதாக இல்லை' என்று ஏறத்தாழ 23,000 குழந்தைகளை உதவிப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள். தாய் மணமாகாமல் பெற்றாள் என்பது காரணம்.

கோப்புக்காரி:
அதைச் செய்தது மாநில சட்டமன்றம், கேஸ் ஒர்க்கர் இல்லை. அடுத்த ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசின் ஃபிளெமிங் உத்தரவு வந்தது: வீடு சரியில்லை என்று சொல்லிக் குழந்தையின் பணத்தை மட்டும் நிறுத்தக்கூடாது, வீட்டைச் சரிசெய்ய உதவு, இல்லையென்றால் குழந்தைக்கு வேறு பாதுகாப்பு கொடு. அந்த உதவியைச் செய்யப் போகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.