மழைக்கு முன்னால் அப்பாவின் டயாலிசிஸுக்கு ஒரு வழி வேண்டும்

வணக்கம். எங்கள் வீடு சென்னை வேளச்சேரியில். அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாததால், இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் வாரம் மூன்று நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். வழக்கமாகப் போகும் மையத்திலும் கரண்ட் இல்லை. இரண்டு முறை தவறிப்போனது. அப்பாவின் காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். நிவாரணமாக வந்ததோ வாழைப்பழமும் இளநீரும். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அவற்றில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம், அதனால் அப்பாவை அவற்றைத் தொடக்கூட விடவில்லை.

இந்த முறை மழைக்கு முன்பே தயாராக வேண்டும். தண்ணீர் தேங்காத பகுதியில், ஜெனரேட்டர் உள்ள டயாலிசிஸ் மையம் யாருக்காவது தெரியுமா? ஒரு முறைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், அதையும் அவர்கள் சேமித்து வைத்திருக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்ததுமே, முன்கூட்டி ஒரு முறை செய்துகொள்ள புதிதாக வருபவரைச் சேர்ப்பார்களா? ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, ஹெபடைட்டிஸ் பரிசோதனை முடிவு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துவிட்டேன்.

அப்புறம், எங்கள் பக்கம் படகோடு வரக்கூடிய தன்னார்வலர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பாவால் நடக்க முடியாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட இடது கையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது.