மண்டபத்துக்குள் 14 பேர்: கல்யாண நகைச்சுவைத் திரைக்கதையில் எதை வெட்டுவது?

வெண்ணாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரெண்டு நாள் நடக்கிற கல்யாணம், அதுதான் படம். சீர்வரிசைப் பேரமும் சம்பந்திகளின் பொய்க் கௌரவமும் கரு. பேசுகிற பாத்திரம் 14, மொத்தம் 118 பக்கம். படித்தவர்கள் சொன்ன குறை ரெண்டு: முதல் 20 பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவில்லை; சடங்கு வரும்போதெல்லாம் கதை நின்றுவிடுகிறது. பந்திக் காட்சி மட்டும் 9 பக்கம். எங்கே கை வைக்கலாம்?

குடமுருட்டி:
"இவர் மாப்பிள்ளையோட சித்தப்பா" என்று வசனத்தில் அறிமுகம் செய்தால் யார் மனசிலும் தங்காது. பத்திரிகை வைக்கக் கிளம்பும் முன்னாடி பழைய மொய் நோட்டை விரிக்கிற காட்சியில் படத்தைத் தொடங்குங்க. பெண்ணோட அம்மா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கட்டும். 5001 எழுதின பெரியத்தை வீட்டுக்குத் தட்டோடு நேரில் போகணும், 101 எழுதின பெரியப்பாவுக்குப் போன் போதும். உறவு, தொகை, வீட்டில் அவங்களுக்கு உள்ள மதிப்பு மூணும் ஒரே வரியில் பதிந்துவிடும். முகூர்த்தத்தன்று அந்தப் பெரியப்பா எங்கே உட்காருகிறார் என்று பார்க்கிறவங்களே தேடுவாங்க.

அப்புறம் 14 பேருக்கும் ரெண்டு கட்டம் போட்டு எழுதுங்க: எதை மறைக்கிறார், எதை வாங்கிட்டுப் போக வந்திருக்கிறார். ஒரே பதில் வருகிற ரெண்டு பேரை ஒருத்தராக்குங்க. 9, 10 பேரில் வந்து நிற்கும்.

அரசலாறு:
மாதத்தை முடிவு பண்ணீட்டீங்களா? தை கடைசி, மாசி என்றால் சம்பா அறுவடைக் காலம். பெண்ணோட அப்பா "பணம் பேங்க்ல தயாரா இருக்கு சம்பந்தி" என்கிறார். உண்மையில் அந்தப் பணம் அரசு நெல் வாங்குகிற நேரடி கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நெல்லாகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போனால் எடுக்க மாட்டாங்க. எடுத்த பிறகும் கணக்கில் ஏற நாளாகும். மாலை மாற்றும்போது வெளியே தூறல் விழுந்தால் போதும், அவர் முகத்தைக் காட்டுங்க. வசனமே வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டுப் பொய் இன்னும் பெரிசு. "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க": இதே வரியைப் பெண் பார்க்கையில், நிச்சயத்தில், முகூர்த்தத்தன்று விடிகாலை ஸ்டோர் ரூமில் என்று மூணு முறை வையுங்க. ஒவ்வொரு முறையும் பவுன் கூடணும். 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், கேட்பதும் குற்றம். கேட்காமல் தரும் பரிசுகளுக்கும் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போடணும் என்று 1985 விதிகள் சொல்லுது. "கேக்கல" என்றவரிடம் பெண்ணோட கல்லூரியில் படிக்கிற தங்கச்சி அந்தப் பட்டியலையும் பேனாவையும் நீட்டட்டும். உங்க உச்சக்காட்சி அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சடங்குகளைக் கலக்காதீங்க. காசி யாத்திரையும் ஊஞ்சலும் பெரும்பாலும் பிராமண வீட்டுக் கல்யாணத்தில் வருபவை. எந்த வீடு என்று முதலில் தீர்மானியுங்க. தஞ்சாவூர்க்காரர் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் மற்ற எதையும் நம்ப மாட்டார்.

கடைசிப்பந்தி:
9 பக்கப் பந்தியைச் சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று நாலாகப் பிரியுங்க. ஒவ்வொரு பரிமாறலுக்கும் ஒரு திருப்பம், 5 பக்கத்தில் முடியும். படப்பிடிப்பிலும் இதுதான் லாபம். சாம்பார்க் கட்டத்தின் வைடு (தூரத்திலிருந்து மொத்தமாக), மிட் (இடுப்பளவு), குளோசப் (முகம் மட்டும்) ஷாட் எல்லாம் முடித்துவிட்டு ரசத்துக்குப் போங்க. முழு பந்தியையும் வைடில் எடுத்துவிட்டுத் திரும்ப வந்தால் யார் இலையில் எவ்வளவு சோறு இருந்தது என்று ஒட்டவே ஒட்டாது. விளக்குச் சூட்டில் சோறு வறண்டு வெள்ளையாக நிற்கும். ஒவ்வொரு டேக்குக்கும் கைப்பிடி அளவு புதுச் சோறு, புது இலை. இலை நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம். 30 இலையில் ஒன்று மாறினாலும் தெரியும்.

வெண்ணாறு:
மொய் நோட்டிலிருந்து மறுபடி எழுதுகிறேன், ரொம்ப நன்றி. மேளச் சத்தத்தில் பேசுகிற காட்சிகளை எப்படி எடுப்பது?

கடைசிப்பந்தி:
பேசும்போது நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பதுபோல் பாவனை மட்டும். இசையைத் தனியாகப் பதிவு செய்யுங்க. ஆனால் நடிகர்கள் மேளம் முழங்குவதாக நினைத்துத் தொண்டையைத் திறந்து பேசணும். சாதாரணக் குரலில் பேசிவிட்டால் பிறகு மேளத்தைச் சேர்க்கையில் பொய்யாக இருக்கும். கெட்டி மேளத்துக்குக் கையை ஆட்டிச் சைகை காட்டும் பெரியவரை முதல் பாதியிலேயே ஒருமுறை காட்டிடுங்க. பட்டியல் சண்டையில் யாரோ கோபத்தில் கை ஓங்க, தவில்காரர் அதையே சைகை என்று எடுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பிக்கலாம். மாப்பிள்ளையோட அப்பா போடுகிற சத்தம் அந்த முழக்கத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்காது.