நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் மாரத்தான் போட்டிகளை எங்கே தேடுவது?

டோர்ட்முண்ட்வாசி எழுதியது:

வணக்கம். அடுத்த ஆண்டு முதல் முழு மாரத்தான் ஓடத் திட்டம். இருப்பது ஜெர்மனியில், நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் டோர்ட்முண்டில். அரை மாரத்தான் நேரம் 2:08. கார் கிடையாது, டாய்ச்லாண்ட் டிக்கெட் (வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு) இருக்கிறது. பெர்லின் குலுக்கல், ஹாம்பர்க், ஃபிராங்ஃபர்ட் எதுவும் வேண்டாம். இந்த மாநிலத்துக்குள்ளேயே, காலையில் ரயில் ஏறிப் போய் இரவுக்குள் வீடு திரும்பும்படி இருக்க வேண்டும்.

கூகுளில் தேடினால் கொலோனும் டுசல்டார்ஃபும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மற்ற போட்டிகளை எந்தப் பட்டியலில் பார்ப்பது? முதல் முறை ஓடுபவருக்கு எது சரியாக வரும்? 5 மணி நேரத்தைத் தாண்டினால் முடிக்க விடுவார்களா?

---

நெடுந்தூரம் எழுதியது:

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் ஒரே மாநிலம்தான். ஆனால் தடகளத்தில் அது இரண்டு துண்டு. மேற்கே நார்ட்ரைன் தடகளச் சங்கம், கிழக்கே வெஸ்ட்ஃபாலன் கால்பந்து-தடகளச் சங்கம். டோர்ட்முண்ட், போஹும், ஹம், மியூன்ஸ்டர், பீலஃபெல்ட் எல்லாம் வெஸ்ட்ஃபாலன். எசன், டுய்ஸ்புர்க், டுசல்டார்ஃப், கொலோன், பான், ஆஹன் எல்லாம் நார்ட்ரைன். டோர்ட்முண்டில் இருந்துகொண்டு வெஸ்ட்ஃபாலன் சங்கத்தின் நாட்காட்டியை மட்டும் பார்த்தால், ரயிலில் அரை மணி நேரத்தில் இருக்கும் எசன் போட்டி கண்ணிலேயே படாது. பலர் போட்டியே இல்லை என்று நினைத்துக் கைவிடுவது இதனால்தான்.

இரண்டு சங்கங்களின் போட்டிகளும் எல்.ஏ.டி.வி. தளத்தில் வருகின்றன. அங்கே சங்கம் என்ற இடத்தில் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். போட்டி வகையில் ஷ்ட்ராஸன்லாஃப், அதாவது சாலை ஓட்டம். சங்கத்தில் பதிவான போட்டிகளுக்கு இதைவிட நம்பகமான பட்டியல் கிடையாது. பதிவு செய்யாமல் நடக்கும் காட்டுப்பாதை ஓட்டங்களும் தனியார் ஓட்டங்களும் இதில் வராது. அவற்றுக்கு லாஃபன், ரன்னர்ஸ் வேர்ல்ட், மாரத்தான் ஃபோர் யூ தளங்களின் நாட்காட்டிகளைப் பாருங்கள். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டும் அல்ட்ரா ஓட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் அல்ட்ராமாரத்தான் சங்கத்தின் நாட்காட்டி இருக்கிறது. அல்ட்ரா நடத்தும் பல கிளப்கள் அதே நாளில் மாரத்தானும் வைப்பதால் அது உங்களுக்கும் உதவும்.

மாநிலத்தை வைத்து வடிகட்டாதீர்கள். அஞ்சல் குறியீட்டைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று தேடும் வசதி இருந்தால் 44135 போட்டு 120 கிலோமீட்டர் கொடுங்கள். அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்தில் இருக்கும் என்ஸ்கெடேயும் வரும். அங்கே 1947 முதல் மாரத்தான் நடக்கிறது, மாதம் ஏப்ரல். டோர்ட்முண்டிலிருந்து ஆர்பி 51 வட்டார ரயில் நேராகப் போகிறது. வெறும் பட்டியலாக மட்டும் இருக்கும் தளங்களில் அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு எண்களை வைத்துக் கண்ணை ஓட்டுங்கள்: டோர்ட்முண்ட் 44, எசன் 45, டுய்ஸ்புர்க் 47, மியூன்ஸ்டர் 48, கொலோன் 50, பான் 53, பீலஃபெல்ட் 33.

தேடுபெட்டியில் மாரத்தான் என்று மட்டும் போட்டால் குப்பை நிறைய வரும். ஹால்ப்மாரத்தான் என்ற சொல்லுக்குள்ளும் மாரத்தான் இருக்கிறது. சைக்கிளுக்கு ராட்மாரத்தான், நடைக்கு வாண்டர்மாரத்தான், நான்கைந்து பேர் பங்குபோட்டு ஓடும் ஷ்டாஃபல்மாரத்தான் எல்லாம் வந்து நிற்கும். தூர வடிகட்டி இருந்தால் 42.195 என்று கொடுப்பதே நல்லது. இன்னொன்று: நின்றுபோன போட்டிகளும் பல நாட்காட்டிகளில் பழைய தேதியை நகலெடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. போட்டியின் சொந்தத் தளத்தில் இந்த ஆண்டுக்கான பதிவுப் பக்கம் திறந்திருந்தால்தான் அந்தப் போட்டி உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

---

ஏரிக்கரை_எசன் எழுதியது:

பட்டியல் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. எது எப்போது என்பதைச் சொல்கிறேன்.

வசந்தத்தில் பான், டுசல்டார்ஃப், அதன் பின் டுய்ஸ்புர்க். ஆகஸ்டில் மோன்ஷாவ். செப்டம்பரில் மியூன்ஸ்டர். அக்டோபரில் கொலோன், எசன், கடைசி ஞாயிறு ரெம்ஷைடில் ரோன்ட்கன்லாஃப். நவம்பர் தொடக்கத்தில் ஐஃபல் மலையில் ரூர்ஸே. அதற்குப் பின் பனிக்காலத்தில் பெரும்பாலும் சிறு கிளப்களின் சுற்றுப்பாதை ஓட்டங்கள்தான். நவம்பரில் இறந்தோரை நினைவுகூரும் அமைதி நாட்கள் வருவதால் அந்த ஞாயிறுகளில் போட்டி அரிது.

உங்கள் நேரத்துக்கும் ரயிலுக்கும் என் தேர்வு மியூன்ஸ்டர் அல்லது எசன். கொலோன் கொண்டாட்டமாக இருக்கும், ஆனால் கூட்டமும் கட்டணமும் அதிகம். மியூன்ஸ்டருக்கு டோர்ட்முண்டிலிருந்து ல்யூனன் வழியாக ஆர்பி 50 போகிறது. பாதை ஏறத்தாழ சமதளம். ஊரை விட்டு வயல்வெளிக்குப் போய்த் திரும்பி, பழைய முக்கோண முகப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் பிரின்ட்ஸிபால்மார்க்ட்டில் முடிகிறது. கடைசியில் தரை கல் பாவியது. 42 கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால் தரையிலிருந்து அதிகம் எழும்பாது, அதனால் அடி நுனி மெல்லிய போட்டிக் காலணியில் கல்லின் விளிம்பு தடுக்கும். அந்த இடத்தில் முன்னால் பார்க்காமல் தரையைப் பார்த்து ஓடுங்கள்.

எசன் மாரத்தான் பால்டனைஸே ஏரியைச் சுற்றி 1963 முதல் நடக்கிறது. ஏரிக்கரை என்பதால் ஏற்றம் மிகக் குறைவு, அக்டோபர் குளிர், கூட்டம் அளவானது. எஸ் 6 ரயிலில் ஹ்யூகல் நிலையத்தில் இறங்கினால் ஏரி கண்ணெதிரே. குறை என்றால் காற்று. தண்ணீர்ப் பரப்பின் மேல் தடையில்லாமல் வருகிறது. போகும்போது முதுகில் தள்ளுவது திரும்பும்போது முகத்தில் அடிக்கும். முதல் பாதியில் வேகம் சுலபமாக வந்தால் அது காற்றின் வேலை, உங்கள் பயிற்சியின் வேலை என்று எண்ண வேண்டாம்.

டுய்ஸ்புர்க் 1981-இல் தொடங்கிய பழைய போட்டி. ரைன் நதியைப் பாலங்களில் கடந்து கால்பந்து அரங்கத்தில் முடிகிறது. அழகானதுதான், ஆனால் பருவம் மே, ஜூன். பாலத்தில் நிழல் கிடையாது. 5 மணி நேரம் ஓடுபவர் மதிய வெயிலில் கடைசி 10 கிலோமீட்டரைக் கடக்க வேண்டியிருக்கும். முதல் மாரத்தானுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மோன்ஷாவ் போட்டி கோன்ட்ஸன் கிராமத்தில் தொடங்குகிறது. ஏற்றம் மொத்தம் சுமார் 750 மீட்டர். ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து காலை சீக்கிரமே தொடங்குவதால், டோர்ட்முண்டிலிருந்து ஞாயிறு முதல் ரயிலைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. முந்தின இரவே அங்கே தங்க வேண்டும். ரோன்ட்கன்லாஃப், எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த ரோன்ட்கன் பிறந்த லென்னப்பில் தொடங்கும் 63.3 கிலோமீட்டர் ஓட்டம். வழியிலேயே அரை மாரத்தானுக்கும் மாரத்தானுக்கும் தனித்தனி முடிவிடம் உண்டு. தொடங்கிய இடமும் முடியும் இடமும் வேறு என்பதை மறந்துவிடாதீர்கள், பேருந்தில் திரும்ப வேண்டும். காட்டுப்பாதை, ஈர இலைகள், மேடு பள்ளம். உங்கள் சாலை நேரத்தோடு குறைந்தது 40 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டியல்களில் ஹெர்மன்ஸ்லாஃப் என்று ஒன்று மாரத்தான்களுக்கு நடுவில் வரும். அது மாரத்தான் அல்ல, 31.1 கிலோமீட்டர். ஏப்ரல் கடைசி ஞாயிறு, டெட்மோல்ட் அருகே ஹெர்மன் சிலையிலிருந்து பீலஃபெல்ட் ஷ்பாரன்புர்க் கோட்டை வரை. ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம், தொடைத் தசையைப் பிழிந்துவிடும். அதே வசந்தத்தில் மாரத்தானும் வைத்திருந்தால் இதைத் தொடாதீர்கள்.

ஆயத்தத்துக்கு டுய்ஸ்புர்க் பனிக்காலத் தொடர் நல்லது. பெரிய தொடரில் 10, 15, 21.1 என்று சில வார இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். வசந்த மாரத்தானுக்கு அளந்து வைத்தது போல இருக்கும்.

---

ஹம்_யாழ் எழுதியது:

தம்பி, மற்றவை போட்டியளைச் சொல்லிப்போட்டினம். நான் பதியிற விசயத்தைச் சொல்லுறன். கலண்டரிலை இருக்கிறது பேரும் திகதியும் மட்டும்தான். மரதன் உங்களுக்குச் சரிவருமோ எண்டதை அவுஸ்ஷ்ரைபுங், அதாவது போட்டியின்ரை விபரமும் விதியளும் இருக்கிற அறிவித்தல்தான் சொல்லும். ஒவ்வொரு போட்டியும் தன்ரை தளத்திலை அதைப் போட்டிருக்கும். காசு கட்ட முன்னம் அதை முழுக்க வாசியுங்கோ.

மெல்டெஷ்லுஸ் எண்டால் பதிவு முடியிற நாள். நாஹ்மெல்டுங் எண்டால் போட்டிக்கு முதல்நாளோ அண்டைக்குக் காலமையோ நேரிலை போய்ப் பதியிறது. சின்ன கிளப் போட்டியளிலை அது இருக்கும், கொஞ்சம் கூடக் காசு எடுப்பினம். பெரிய நகரங்களிலை அதை நம்பிப் போகாதேங்கோ. விலையும் படிப்படியா ஏறும். எட்டு மாதத்துக்கு முன்னம் இருக்கிற விலை கடைசி மாதத்திலை இராது. சின்ன போட்டியள் எண்டால் அந்தக் கவலை குறைவு.

அம்ட்லிஹ் ஃபெர்மெஸன் எண்டு எழுதியிருந்தால் பாதையை முறையா அளந்திருக்கினம். அளக்கிறபோது ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டித்தான் அளப்பினம், பாதை குறையாமல் இருக்க. அதுக்கு மேலை வளைவுகளிலை நீங்கள் வெளிப்பக்கத்தாலை ஓடுவியள். அதாலைதான் கைக்கடிகாரம் 42.5, 42.7 எண்டு காட்டும். பாதை பிழை எண்டு சண்டைக்குப் போகவேண்டாம். பிறகு எப்பவாவது பொஸ்ரன் மரதனுக்கு நேரம் காட்ட நினைச்சால் அளந்த பாதையிலை ஓடின நேரம்தான் செல்லும்.

இன்னொரு முக்கிய விசயம். இன்ரநெற்றிலை வாங்கினால் 14 நாளுக்குள்ளை திருப்பலாம் எண்டு எல்லாருக்கும் தெரியும். திகதி குறிச்ச நிகழ்ச்சிக்கு யேர்மன் சட்டத்திலை அந்த உரிமை இல்லை. பதிஞ்சால் பதிஞ்சதுதான். கால் நோவெண்டால் உம்மெல்டுங் செய்யலாமோ, அதாவது இடத்தை வேறை ஒராளின்ரை பேருக்கு மாத்தலாமோ, எந்த நாள் வரைக்கும் எண்டு பாருங்கோ. மாத்தாமல் நம்பரை மட்டும் சிநேகிதருக்குக் குடுத்து ஓடவிடாதேங்கோ. அவர் வழியிலை விழுந்தால் உதவிக்கு வாறவை உங்கடை பேரையும் வயசையும்தான் பாப்பினம்.

பேர் எழுதுற இடத்திலை எங்கடை ஆக்கள் கனபேர் தடுமாறுறவை. ஃபோர்நாமெ (முதற்பேர்), நாஹ்நாமெ (குடும்பப்பேர்) எண்டு ரெண்டு பெட்டி இருக்கும். முதலெழுத்தைப் போட்டு நிறுத்தாமல், பாஸ்போட்டிலையோ ஔஃப்என்ட்ஹால்ட் எண்ட வதிவிட அனுமதி அட்டையிலையோ எப்பிடியோ அப்பிடியே ரெண்டையும் எழுதுங்கோ. நம்பர் எடுக்கப் போகேக்கை அட்டையைக் கேப்பினம். ஃபெரைன் எண்ட பெட்டி கிளப் பேருக்கு, அதை வெறுமையா விடலாம். காசை லாஸ்ட்ஷ்ரிஃப்ட் மூலம், அதாவது உங்கடை வங்கிக் கணக்கிலையிருந்து நேரா எடுக்கச் சொன்னால் ஐபான் எண்ட கணக்கு நம்பரை ரெண்டு தரம் சரிபாருங்கோ. வங்கி திருப்பி அனுப்பினால் தண்டக் காசும் வரும், பதிவும் போகும். பதிஞ்சு ஒரு கிழமையாலை ஷ்டார்ட்டர்லிஸ்டெ எண்ட ஓடுறவையின்ரை பட்டியலிலை உங்கடை பேரும் 42.195 எண்ட தூரமும் நிக்குதோ எண்டு பாருங்கோ. அரை மரதனை அமத்திப்போட்டு முழு மரதனுக்குப் போய் நிக்கிற ஆக்கள் ஒவ்வொரு வருசமும் இருக்கினம்.

---

டோர்ட்முண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஹம் அண்ணா, பெயர் விஷயம் சரியான நேரத்தில் கிடைத்தது. மியூன்ஸ்டர் அல்லது எசன் என்று முடிவு செய்துவிட்டேன். 5:15 ஆனாலும் சரியா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

---

நெடுந்தூரம் எழுதியது:

அதற்கு அவுஸ்ஷ்ரைபுங்கில் ட்ஸீல்ஷ்லுஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். முடிவுக்கோடு மூடும் நேரம் அது. பெரிய நகரங்களில் பெரும்பாலும் 6 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். சிறு கிளப்களில் 5 அல்லது 5½ கூட உண்டு. 5 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 7:07, 5½ என்றால் 7:49, 6 என்றால் 8:32. உங்கள் 5:15-க்கு 7:28 வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான்: அந்த நேரம் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து ஓடுகிறது, நீங்கள் தொடக்கக் கோட்டைக் கடந்ததிலிருந்து அல்ல. கடைசிப் பிரிவில் நின்று 12 நிமிடம் கழித்துக் கோட்டைக் கடந்தால் 5½ மணி என்பது உங்களுக்கு 5:18. 30 கிலோமீட்டர் போன்ற இடங்களில் இடைநேரக் கட்டுப்பாடும் இருக்கலாம். அதைத் தவறவிட்டவர்களை பேஸன்வாகன் என்ற கடைசி வண்டி ஏற்றிக்கொள்ளும், அல்லது நடைபாதைக்கு மாறிப் போகச் சொல்வார்கள். பின்னால் சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடுவார்கள்.

2:08 அரை மாரத்தானை வைத்து முழு மாரத்தான் நேரத்தைக் கணித்தால் 4:27 வருகிறது. அது வாரம் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கான கணக்கு. முதல் முறை 4:40 முதல் 4:55 வரை எதிர்பார்த்து, முதல் 10 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6:45 வேகத்தில் ஓடுங்கள். 6:15-இல் தொடங்கினால் 32 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிவரும். 5:15 ஆவது அப்படித்தான்.

---

ஏரிக்கரை_எசன் எழுதியது:

ரயில் பற்றி ஒன்று விட்டுப்போனது. ஞாயிறு காலை வண்டிகள் குறைவு, ரூர் பகுதியில் தண்டவாள வேலைகளும் வார இறுதியில்தான் அதிகம். ஒரு ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விட்டால் 25 நிமிடப் பயணம் ஒரு மணி நேரம் ஆகும். வியாழக்கிழமை செயலியில் அந்த ஞாயிற்றின் தேதியைப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்துக்கு 90 நிமிடம் முன்பு இறங்கும் வண்டியையும், அது ரத்தானால் அதற்கு முந்தைய வண்டியையும் குறித்து வையுங்கள். சட்டையில் குத்தும் போட்டி எண்ணைச் சனிக்கிழமையே வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், டிக்கெட் செலவு இல்லைதானே.

அக்டோபர் கடைசி ஞாயிறு ஓடினால் அன்று அதிகாலை 3 மணிக்குக் கடிகாரம் 2-க்குத் திரும்பும். கைபேசி தானே மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினால் ஒரு மணி நேரம் முன்னதாகக் குளிரில் நிற்பீர்கள். அப்படி நிற்க நேர்ந்தால் போட்டுக்கொள்ள ஒரு பழைய ஸ்வெட்டரைக் கொண்டுபோங்கள், தொடக்கத்தில் கழற்றி விட்டுவிடலாம்.